கூட்டம் சேர்ந்தா போதுமா? திருமங்கலத்தில் இறங்கிப் பார்க்க வேண்டிய ஒரு முருகன் வேஷக்காரரின் கதை

ராஜபாளையத்துல மதுரை பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துடும். பஸ் நின்னதும் யாராவது ஒருத்தர் டிரைவர்கிட்ட ரெண்டு நிமிஷம் கேட்டுக்கிட்டு இறங்கி ஓடுவாங்க. எதுக்குன்னு சொல்லவே வேண்டாம், பால்கோவாவுக்குத்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஊர்ப் பெருமை அது. ஆனா தெருவுல வரிசையா கடை இருக்கே, எதுல வாங்குறது? வெளியூர்க்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் முடிவு பண்றாங்க. எங்க கூட்டம் நிக்குதோ அங்க வாங்குறாங்க.

தப்பு சொல்ல முடியாது. இத்தனை பேர் வாங்குறாங்கன்னா நல்லாத்தான் இருக்கணும் என்பது நம்ம எல்லாருக்கும் உள்ள கணக்கு. பஸ் கிளம்பினதும் சீட்ல சாய்ஞ்சு போனை எடுக்குறோம். அங்கேயும் அதே கணக்குதான். எத்தனை வியூஸ், டிரெண்டிங்ல எத்தனாவது இடம், முதல் வாரம் எத்தனை கோடி வசூல்? நம்பர் பெரிசா இருந்தா பாட்டு நல்ல பாட்டு, படம் நல்ல படம். நம்பர் சின்னதா இருந்தா அடுத்ததுக்குத் தள்ளிவிடுறோம்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரின்னு யோசிக்க, இதே பஸ் போற வழியிலேயே ஒரு ஆளோட கதை இருக்கு. கிருஷ்ணன்கோவில் தாண்டி, டி.கல்லுப்பட்டி தாண்டி, மதுரைக்கு முன்னாடி திருமங்கலம் வரும். அங்கே அரசு பராமரிக்கும் நினைவு இல்லம் ஒண்ணு இருக்கு. தியாகி விசுவநாத தாஸ் நினைவு இல்லம். பஸ்ல அந்தப் பெயரைத் தாண்டிப் போனவங்க நிறைய பேர் இருப்போம். ஒரு காலத்துல அந்தப் பெயரை நோட்டீஸ்ல போட்டாலே ராத்திரி முழுக்கக் கூட்டம் உட்கார்ந்திருந்தது.

சிவகாசியில் பிறந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கிழக்கே கொஞ்ச தூரத்துல சிவகாசி. 1886-ம் ஆண்டு அங்கே பிறந்தவர் விசுவநாத தாஸ். பட்டாசும் தீப்பெட்டியும் வராத காலத்துச் சிவகாசி அது. முடிதிருத்தும் தொழில் செய்யும் சமூகம் அவருடையது. மருத்துவர் என்றும் அந்தச் சமூகத்தைச் சொல்வார்கள். ஊருக்கு வைத்தியமும் பார்த்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடவே நின்ற சமூகம். ஆனால் ஊர் வீட்டுத் திண்ணையில் சமமாக உட்கார இடம் கிடைக்காத சமூகமும் அதுதான்.

அன்றைய சூழலைப் புரிஞ்சுக்க ஒரு விஷயம் போதும். 1899-ல், தாஸுக்கு 13 வயது ஆனபோது, சிவகாசியில் பெரிய கலவரம் வெடித்தது. இந்தச் சாதிக்காரர்கள் கோயிலுக்குள் போகலாமா கூடாதா என்று வருஷக்கணக்காகப் புகைந்த சண்டைதான் அதற்குக் காரணம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சிவகாசிக் கொள்ளை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். யார் எங்கே நிற்கலாம், யார் யாரைத் தொடலாம் என்பதற்காக ஆட்கள் செத்துப் போன மண்ணில் வளர்ந்தவர் இவர்.

அவருக்குக் கிடைத்த சொத்து, குரல். சின்ன வயசிலேயே பாட்டு வந்தது, நாடக மேடை வந்தது. குடும்பம் திருமங்கலத்துக்குப் போனது. பிறகு அதுவே அவருடைய ஊராகிவிட்டது.

ஒத்திகையே இல்லாத நாடகம்

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சாதான் அவரோட புகழுக்கு அர்த்தம் புரியும். அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

தென் மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. இன்றைக்கும் கோயில் கொடைக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் பல கிராமங்களில் நடக்கிறது. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருப்பார். சாயங்காலம் சந்தித்து, முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் விடியும் வரை நாடகம்.

இது எப்படிச் சாத்தியம்? எல்லோருக்கும் கதையும் பாட்டும் மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் நடிகர்களுக்கு மட்டுமில்லை, பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும். வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வருவார். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டிக்கொண்டிருப்பாள். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் தொடங்கும். தர்க்கம் என்று பெயர். அவர் கேட்க, இவர் மடக்க, பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு. அங்கேயே அந்த நிமிஷத்தில் பதில் தோன்றாவிட்டால் மேடையில் மானம் போய்விடும். இன்னிக்கு ஃப்ரீஸ்டைல் ராப் பாட்டில் ரெண்டு பேர் மோதிக்கிறதைப் பார்க்குறீங்க இல்லையா? அதைச் சில மணி நேரத்துக்கு, ராகத்தோடு, சாமி கதைக்குள்ளேயே நின்று செய்யணும்னு நினைச்சுக்கோங்க.

இன்னொன்று, மைக் இல்லை. கடைசி வரிசையில் மாட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அதனால் நாடகக்காரர்கள் மேல்ஸ்தாயியில், உச்ச சுருதியில் பாடினார்கள். இதே சாலையின் தென்கோடியில் இருக்கிற செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா அந்தக் குரலுக்காகவே கொண்டாடப்பட்டவர். 27 வயதில், 1933-ல் அவர் இறந்தபோது தமிழ்நாடே அழுதது. இந்தச் சாலையில் ஒரு பக்கம் கிட்டப்பா, இன்னொரு பக்கம் விசுவநாத தாஸ்.

படித்தவர்கள் நடுவில் இந்த நாடகங்களுக்கு மரியாதை குறைவு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியதும், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் நடித்ததும் நாடகத்துக்குக் கௌரவம் தேடித்தான். கிராமத்து மேடையில் நடித்தவர்களுக்குக் கூத்தாடி என்ற பெயர்தான் மிச்சம். கூட்டத்துக்குப் பிடிக்கிறது என்பதாலேயே அது மட்டமானது என்ற எண்ணம் அப்போதே இருந்தது. இப்போதும் இருக்கிறது. ரீல்ஸ்ல ஹிட்டான பாட்டுன்னாலே முகம் சுளிக்கிற ஃபிரெண்ட் உங்க வாட்ஸ்அப் குரூப்லயும் ஒருத்தர் இருப்பார்.

அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் சும்மா வந்த கூட்டம் இல்லை. ஐம்பது வள்ளியைப் பார்த்தவர்கள் அதில் இருந்தார்கள். போன வருஷத்து முருகன் எந்த இடத்தில் சறுக்கினார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிடித்தால் அதே பாட்டை மறுபடி கேட்பார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போவார்கள், இல்லையென்றால் கூச்சல் போடுவார்கள். பாட்டையும் தர்க்கத்தையும் எடை போடுவதில் அவர்கள் சபாக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அந்தக் கூட்டம் கொண்டாடிய ராஜபார்ட்டுகளில் ஒருவர் விசுவநாத தாஸ் என்றால், அந்தப் புகழ் தற்செயலாக வந்ததில்லை.

தினைப்புனத்தில் வந்த வெள்ளைக் கொக்கு

காந்தியின் போராட்டம் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது தாஸ் கதருக்கு மாறினார். அதோடு தன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் மாற்றிக்கொண்டார். சாமி பாட்டுக்கு நடுவில் தேசப் பாட்டு நுழைந்தது.

இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க 1876-லேயே ஆங்கிலேயர்கள் நாடகச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். நாடகம் போடுவதற்கு முன் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வள்ளி திருமணம் என்றால் யார் தடுப்பார்கள்? முருகன் கதைதானே! ஆனால் வள்ளி பறவை விரட்டுகிற இடத்தில், எல்லாப் பறவையோடும் சேர்த்து ஒரு வெள்ளைக் கொக்கும் பாட்டில் வந்து இறங்கியது. அந்தக் கொக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் வயலில் மேய்கிறது, அதை ஏன் விரட்ட வேண்டும் என்பது உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் புரிந்தது. பள்ளிக்கூடமே போகாதவருக்கும் புரிந்தது. குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரருக்கும் புரிந்தது.

மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் இப்படிப்பட்ட பாட்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். இந்த பாஸ்கரதாஸ்தான் பின்னால் 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கும் பாட்டு எழுதியவர். காளிதாசர் கதைக்குள் காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டு வந்ததும் இந்த மேடைப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி, கதர் பற்றி, கள்ளுக்கடை பற்றியெல்லாம் மேடையில் பாடினார்கள். பேப்பர் படிக்கத் தெரியாத ஊருக்கு அதுதான் பேப்பர்.

தாஸ் திரும்பத் திரும்பக் கைதானார். மேடையில் வேஷத்தோடு கைதானதும் உண்டு. ஜெயிலுக்குப் போவார், வெளியே வருவார், அடுத்த ஊரில் மறுபடி அதே கொக்கை விரட்டுவார்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரே கூட்டத்தை ரெண்டு பேர் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஏஜென்ட் எண்ணினார், இத்தனை பேர் வந்தா இத்தனை ரூபாய்னு. போலீஸும் எண்ணிச்சு, இத்தனை பேர் கேட்டா இவ்வளவு ஆபத்துன்னு. நம்பர் ஒண்ணுதான். ஆனா அது என்ன சொல்லுதுங்கிறது யார் கையில பென்சில் இருக்குங்கிறதைப் பொறுத்தது. நாம இன்னிக்குப் பார்க்கிற வியூஸ் எண்ணிக்கையும் அப்படித்தான். விளம்பரம் விக்கிறவங்க அவங்க தேவைக்கு எண்ணி வெச்ச நம்பரை, பாட்டோட தரத்துக்கு மார்க்கா நாம எடுத்துக்கிறோம்.

வள்ளி கிடைக்காத முருகன்

இனி வரப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கு மனசு ஆறாத பகுதி.

வள்ளி திருமணத்தின் கதை என்ன? வானத்துத் தேவயானை ஒரு பக்கம் இருக்க, மலையில் தினை காக்கும் குறவர் பெண்ணைத் தேடி முருகன் இறங்கி வருகிறார். காதலுக்குக் குலம் தடையில்லை என்பதைத்தான் ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள். அந்தக் கதையில் முருகனாக நிற்கும் விசுவநாத தாஸுக்கு ஜோடியாக வள்ளி வேஷம் போட, உயர்ந்த சாதி என்று தங்களை நினைத்துக்கொண்ட நடிகைகள் மறுத்தார்கள். காரணம் அவர் பிறந்த சாதி.

கூட்டத்தில் அத்தனை பேர் அவர் குரலுக்குக் காத்திருக்கிறார்கள். ஏஜென்டுக்கு அவர் பெயர் வேண்டும், காங்கிரஸ்காரர்களுக்கு அவர் பாட்டு வேண்டும். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று தர்க்கம் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். மேடையில் அவர் காலில் விழுந்து கும்பிட்டவர்கள்கூட, விடிந்து அரிதாரம் கலைந்த பிறகு தங்கள் வீட்டு வாசலுக்குள் அவரைக் கூப்பிட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அப்போது முன்வந்தவர்களில் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். 1917-ல் பிறந்த அவர், வயதில் தாஸைவிட 30 வருஷத்துக்கும் மேல் இளையவர். நல்ல சம்பளம் வாங்கிய ஸ்திரீபார்ட். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் தாஸுடன் மேடை ஏறினார். அதே ஜானகி அம்மாள் பிற்பாடு கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போய், நகை நட்டையெல்லாம் இயக்கத்துக்கே கொடுத்து, 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் ஆனார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். கூட்டம் தாஸின் பாட்டைச் சரியாக எடை போட்டது. அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் அன்பு அவருக்கு ஒரு வள்ளியைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அதைச் செய்தது, நானூறு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காத ஓரிரண்டு பேர்.

ஹவுஸ்ஃபுல், ஆனால் கடன்

இவ்வளவு பெயர் வாங்கியவர் பணக்காரராகத்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் சம்பளம் ராத்திரிக்கு ராத்திரி. நடித்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. நாடகம் நடக்காமல் போனால் வாங்கிய அட்வான்ஸுக்கு நடிகர்தான் பதில் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போகிறவருக்கு இந்தத் தொழில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தாஸின் மகனும் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்திருக்கும்?

கடன் ஏறியது. திருமங்கலத்து வீடு ஏலத்துக்குப் போகும் நிலை வந்தது. அரசாங்கத்தை எதிர்த்துப் பாடுவதை விட்டுவிட்டால் கடனைத் தீர்த்துவிடலாம் என்று ஆசை காட்டியதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். பேரம் நடந்த விவரம் எப்படியோ, அவர் பாடுவதை நிறுத்தவில்லை என்பதும், கடன் தீரவில்லை என்பதும் நடந்தவை.

சாமி பாட்டு மட்டும் பாடியிருந்தால் கூட்டம் குறைந்திருக்குமா? குறைந்திருக்காது. குரல் அதேதான், தர்க்கம் அதேதான். போலீஸ் தொந்தரவு இல்லாததால் இன்னும் நிறைய ராத்திரிகள் நடித்திருக்கலாம், இன்னும் நிறைய டிக்கெட் விற்றிருக்கும். வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தக் கொக்குப் பாட்டு அவருக்கு நஷ்டக் கணக்கு. ஆனால் இன்றைக்கு அவரை நாம் பேசுவதே அந்த நஷ்டக் கணக்கினால்தான்.

மயில் மேல் ஒரு கடைசி ராத்திரி

1940, டிசம்பர் 31. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. காந்தி அறிவித்த தனிநபர் சத்தியாகிரகத்தில் தலைவர்கள் ஒவ்வொருவராக ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சென்னையில் வள்ளி திருமணம் நாடகம். முருகன், விசுவநாத தாஸ். வயது 54. உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

திரை விலகியது. மேடையில் மயில், மயில் மேல் முருகன். பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே, மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிர் போனது.

புது வருஷம் பிறந்தபோது அவர் இல்லை. சுதந்திரம் வர இன்னும் ஆறரை வருஷம் பாக்கி இருந்தது.

அப்போ கூட்டம் பொய்யா?

கூட்டத்தை நம்பவே கூடாதுன்னு சொல்ல வர்றீங்களான்னு நீங்க கேட்கலாம். அது இல்லை.

ஒரு படத்தையோ பாட்டையோ ஊரே கொண்டாடினால், அதில் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது. நமக்குப் பிடிக்காவிட்டாலும் அது என்ன என்று பார்ப்பதுதான் மரியாதை. ஸ்பெஷல் நாடகத்தைக் கூத்தாடி வேலை என்று ஒதுக்கியவர்கள் அங்கேதான் ஏமாந்தார்கள். ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை அளக்கக் கூட்டத்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஆனால் கூட்டம் சொல்லாத விஷயங்களும் உண்டு. தியாகராஜ பாகவதரைப் பாருங்க. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், மூன்று தீபாவளி கண்ட படம். அந்த வருஷக் கடைசியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947-ல் குற்றவாளி இல்லை என்று விடுதலையாகி வெளியே வந்து மறுபடி நடித்தார், பாடினார். படங்கள் ஓடவில்லை. 1959-ல் இறக்கும் வரை அந்தப் பழைய கூட்டம் திரும்பி வரவே இல்லை. கூட்டம்தான் அளவுகோல் என்றால், ஜெயிலுக்குப் போகும்போது மகா கலைஞராக இருந்தவர் வெளியே வரும்போது சாதாரணப் பாடகர் ஆகிவிட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படி யாராவது சொல்வோமா? மாறியது காலமும் ஜனங்களின் ரசனையும்தான்.

நாம் பஸ் ஏறிய ராஜபாளையத்திலேயும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது, சினிமாவில் இல்லை, ஓட்டில். ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். முதலமைச்சராக இருந்துகொண்டே, வீட்டுக்குப் பக்கத்துத் தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றுப் போனார். பிறகு ஒரிசாவின் கவர்னராகவும் இருந்தார். தன் வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் ராஜபாளையத்தில் இன்று இருக்கும் காந்தி கலை மன்றம். ஜனங்கள் ஓட்டுப் போட்டது தப்பு என்று சொல்லவில்லை. யார் ஆள வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த ஓட்டு எண்ணிக்கையை வைத்து அந்த மனுஷரின் மதிப்பு இவ்வளவுதான் என்று சொன்னால், அந்த வீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

விசுவநாத தாஸ் விஷயத்திலும் அதேதான். கூட்டம் இல்லாவிட்டால் அவர் பாட்டு யாரையும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் கூட்டம் வேண்டும். ஆனால் கூட்டம் வந்ததால் மட்டும் அவர் பெரியவர் ஆகவில்லை. வந்த கூட்டத்துக்கு என்ன கொடுத்தார், அதற்காக எதையெல்லாம் இழந்தார் என்பது டிக்கெட் கணக்கில் ஏறாது.

அடுத்த தடவை ஒரு பாட்டோட வியூஸைப் பார்த்து அசரும்போது, இல்லைன்னா வியூஸ் கம்மியா இருக்குன்னு தள்ளிவிடப் போகும்போது, ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இதைப் பார்த்தவங்க எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தாங்க, மூணு செகண்டா, விடியற வரைக்குமா? இதைப் பாடினவருக்கு, இதைப் பாடாம இருந்திருந்தா இன்னும் லாபமா இருந்திருக்குமா? ரெண்டாவது கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, நம்பர் எவ்வளவுன்னு பார்க்காம ஒரு தடவை முழுசாக் கேளுங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாவைக் கூட்டம் இருக்கிற கடையிலேயே வாங்கிக்கோங்க, அதுல தப்பில்லை. அப்படியே மதுரை போற வழியில ஒரு நாள் திருமங்கலத்துல இறங்குங்க. அந்த நினைவு இல்லத்துல உங்களுக்காக வரிசை எதுவும் காத்திருக்காது. வரிசை இல்லைன்னு திரும்பி வந்துடாதீங்க, உள்ளே போயிட்டு வாங்க.